மாணவரின் மாலைப் பொழுது

பல்கலைக்கழகத்திலே பயிலும் ஒரு மாணவன் விரிவுரை முடிந்த பின்னர் என்ன செய்கிறான்? எங்கே போகிறான்? எதை விரும்புகிறான்? தனித்திருக்கும் வேளையில் எதைப் பற்றி எண்ணமிடுகிறான்? இக்கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்டால், "எங்கேயாவது சுற்றித் திரிவான்" என்பார் சிலர், "அதெல்லாம் எங்களுக்கு எங்கே சொல்லுகிறான்?" என்பார் வேறு சிலர். மாணவனையே கேட்டால் ஒரு புன்சிரிப்புத்தான் விடையாகக் கிடைக்கும். பாடத்திட்டத்தில் இடம்பெறாத, புள்ளி வழங்கப்படாத, பெறுபேற்றுச் சான்றிதழில் ஒரு வரிதானும் எழுதப்படாத அந்த மாலைப் பொழுதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இது வானொலியிலே பேசுதற்குரிய பொருளா என்று சிலர் ஐயுறக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு ஐயுறவில்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் ஆராய்கின்ற இலக்கண நூல். ஆயினும், அந்நூலின் முகப்பிலே அமைந்த பொதுப்பாயிரம், நூல் எத்தகையது, ஆசிரியன் யார், மாணாக்கன் யார், பாடம் கேட்கும் முறை யாது என்பவற்றையெல்லாம் விரித்துரைக்கின்றது. அங்கே ஒரு கணக்கு வருகின்றது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வோரோடு கூடிப் பழகுவதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். இதுவே பவணந்தியாரின் கணக்கு.

ஆசிரியத் தொழில் புரியும் என் போன்றோருக்கு அடக்கத்தைக் கற்பிக்கும் கணக்கு இது. தொண்டை வறளப் பேசி, கரும்பலகை நிறைய எழுதி, நாம் கொடுப்பது காற்பங்கு. மற்றைய முக்காற்பங்கு எங்கே கிடைக்கிறது? மரநிழலிலே, சிற்றுண்டிச்சாலையிலே, பஸ் தரிப்பிடத்திலே, நால்வர் கூடி வாழும் வாடகை அறையிலே, சங்கக் கூட்டத்திலே கிடைக்கிறது. நாம் வீண்பொழுது என்று முகஞ்சுளிக்கும் அந்தப் பொழுதிலேதான் முக்காற்பங்கும் அடங்கியிருக்கிறது.

கொழும்பு மாநகரிலே இந்தப் பொழுது எவ்வாறு கழிகின்றது என்பதைச் சற்றே பார்ப்போம். இலங்கையின் பல்கலைக்கழகக் கல்வி இந்நகரிலே, அந்நாளில் தேஸ்ட்டன் வீதி என்று வழங்கிய தெருவிலே, 1921ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிற்று. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. 1952இல் கலைப்பிரிவு பேராதனைக்குப் பெயர்ந்தது. பின்னர் கொழும்பிலே மீண்டும் கலைப்பாடங்கள் தளிர்த்து, 1978இல் கொழும்புப் பல்கலைக்கழகம் என்னும் இன்றைய பெயர் நிலைபெற்றது. தெருவும் இன்று குமாரதுங்க முனிதாச மாவத்தை என்று பெயர் மாறிவிட்டது. பெயர்கள் எத்தனை மாறினாலும், நான்கு மணிக்கு விரிவுரை மண்டபத்தை விட்டு வெளியே வரும் இளைஞரின் முகத்திலே தோன்றும் விடுதலை உணர்ச்சி மட்டும் மாறவில்லை.

அவ்வாறு வெளியே வருவோரில் தமிழ் மாணவர் பலர் தெற்கு நோக்கி வெள்ளவத்தைக்குச் செல்கின்றனர். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹற்றன் எனப் பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலே, ஓர் அறையை மூவரோ நால்வரோ பகிர்ந்து குடியிருப்பார்கள். அந்த அறையே ஒரு சிறிய இலங்கை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை "கதைக்கிறேன்" என்பதும், மலையகத்துப் பிள்ளை "பேசுறேன்" என்பதும், மட்டக்களப்புப் பிள்ளை வேறோர் இராகத்திலே இழுத்துச் சொல்வதும் முதல் மாதம் முழுவதும் சிரிப்புக்குக் காரணமாயிருக்கும். ஆண்டிறுதிக்குள் நால்வரும் நால்வகைத் தமிழையும் பேசுவார்கள். மொழியியல் விரிவுரையிலே வட்டார வழக்கு என்று ஒரு மணிநேரம் விளக்கப்படுவதை, இரவுச் சாப்பாட்டுக்குச் சொதி காய்ச்சும்போதே அவர்கள் கற்றுக்கொண்டு விடுகிறார்கள்.

மாலையானால் கடற்கரை. புகையிரதப் பாதைக்கு அப்பால் கருங்கற்களின் மேல் அமர்ந்து, ஒரு பொட்டலம் கடலையை நால்வர் பங்கிட்டு உண்டு, கதிரவன் கடலிலே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவர்க்கு அவர்கள் ஒன்றும் செய்யாதிருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கற்களின் மேல் எத்தனை வழக்குகள் ஆராயப்படுகின்றன! நேற்றுப் பார்த்த படத்தின் முடிவு சரியா? அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் சொன்னதற்கு மறுப்பு உண்டா? கடவுள் உண்டா? பட்டம் பெற்றபின் நாட்டிலே இருப்பதா, வெளிநாடு செல்வதா? தங்கையின் திருமணத்துக்கு முன் தனக்கு வேலை கிடைக்குமா? இவை இளைஞருடைய எண்ணங்கள். வீட்டிலே சொன்னால் கவலைப்படுவார்கள். விரிவுரையாளரிடம் சொல்ல முடியாது. உடன் பயில்வோனிடம் சொல்லலாம். அவன் விடை சொல்லாவிட்டாலும் பாதகமில்லை, கேட்டுக்கொண்டிருப்பான்.

வடக்கு நோக்கிக் கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் மாணவனின் மாலை வேறுவகைப்பட்டது. அவன் பெரும்பாலும் வாடகை அறையிலன்றித் தன் குடும்பத்தோடு வாழ்பவன். தந்தை துறைமுகத்திலோ செட்டியார் தெருக் கடையொன்றிலோ வேலை பார்ப்பவராயிருப்பார். வீடு சிறியது, ஆட்கள் பலர். தொலைக்காட்சியின் ஓசையும் தெருவின் ஓசையும் ஒரே அறையிலே வந்து கலக்கும். அவனுக்கு இடம் வேண்டுமானால் வெளியேதான் தேட வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் குளிர்ந்த மண்டபம் ஒருபுறம். புனித லூசியாள் பேராலயத்தின் உயர்ந்த கோபுரக் கவிகை மற்றொருபுறம். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரியில் கொழும்புக்கு வந்து சென்றதன் பயனாக 1902இலே தோன்றிய விவேகானந்த சபை இன்னொருபுறம். இத்தனையும் நடந்து செல்லக்கூடிய தொலைவிலே உள்ளன. படிப்புக்கு அமைதி தேடிக் கோயில் மண்டபத்துக்குச் செல்லும் பிள்ளை, தூணிலே உள்ள சிற்பத்தையும் ஒருநாள் நிமிர்ந்து பார்க்கிறது. அந்தப் பார்வையிலே ஒரு விருப்பம் பிறக்கிறது.

விருப்பம் என்ற சொல்லை நாம் இலேசாக எண்ணிவிடுகிறோம். "உன் விருப்பத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்" என்று சொல்வது நமது வழக்கம். ஆனால் பெரியோர் சிலருடைய வாழ்க்கையை ஆராய்ந்தால், அவர்கள் பெருமைக்கு வித்திட்டது அவர்களுடைய கட்டாயப் பாடம் அன்று என்பதும், ஓய்விலே வளர்த்த விருப்பமே என்பதும் புலனாகும். கொழும்பிலே பயின்ற ஒரு மாணவரையே எடுத்துக்காட்டாகச் சொல்லுகிறேன்.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்னும் இளைஞர், ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்கு வந்தார். பின்னர் இங்குள்ள அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்று, 1916ஆம் ஆண்டு டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அவருடைய பாடத்திட்டத்திலே தமிழ் இல்லை. எனினும் அதே 1916இலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் அவர் சித்தியெய்தினார். பகலிலே பௌதிகமும் கணிதமும். எஞ்சிய பொழுதிலே தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும். அக்காலத்திலே யாரேனும் உறவினர் அவரிடம், "தம்பி, விஞ்ஞானம் படிக்கிறவனுக்குப் பண்டிதர் பட்டம் எதற்கு?" என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியாகவே தோன்றியிருக்கும். அதற்குரிய விடை முப்பத்தோர் ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. அந்த மயில்வாகனனார்தாம் சுவாமி விபுலாநந்தர். அந்த விடைதான் 1947இல் அரங்கேறிய யாழ்நூல். பண்டைத் தமிழரின் யாழையும் பண்ணையும் மீட்டெடுப்பதற்குச் சிலப்பதிகார அறிவு மட்டும் போதாது. சுரங்களின் அளவைக் கணித்தறியக் கணிதமும் ஒலியின் இயல்பை அறியப் பௌதிகமும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே உடையவராக அவர் இருந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அவர் அமர்ந்தபோது, பாடத்துக்கு அப்பால் வளர்த்த விருப்பமே அவரை அப்பீடத்துக்கு அழைத்து வந்திருந்தது.

எல்லா மாணவரும் விபுலாநந்தராகிவிடப் போவதில்லை என்பது உண்மையே. ஆதலின் இன்னொரு செய்தியையும் சொல்லுகிறேன். பல்கலைக்கழகக் கல்லூரியிலே தமிழ் கற்பித்த பேராசிரியர் கணபதிப்பிள்ளை அவர்கள், இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்ற மொழியியல் அறிஞர். கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்த அவரே மாணவர் நடிப்பதற்காக நாடகங்களும் எழுதினார். 1940இல் நானாடகம் என்ற பெயரில் நான்கு நாடகங்கள் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்றன் பெயர் "நாட்டவன் நகர வாழ்க்கை". யாழ்ப்பாணத்து மக்கள் வீட்டிலே பேசுகின்ற தமிழையே அவர் நாடகத் தமிழாக்கினார். உயர்ந்த மேடையிலே ஊர்ப் பேச்சு ஒலிக்கலாமா என்று முகஞ்சுளித்தோரும் அந்நாளில் இருந்திருப்பர். ஆனால், நகரத்துக்கு வந்து தன் பேச்சுக்காக நாணிக்கொண்டிருந்த மாணவனுக்கு, அதே பேச்சை மேடையேறிப் பேசும் துணிவை அந்நாடகங்கள் அளித்தன.

கலைப்பிரிவு பேராதனைக்குப் பெயர்ந்த பின்னரும் அம்மரபு தொடர்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் "கர்ணன் போர்" அரங்கேறியபோது ஆடியவர்கள் மாணவர்கள். பகல் முழுவதும் நூலகத்திலே இருந்துவிட்டு, மாலையிலே காலிற் சதங்கை கட்டித் தாளக்கட்டுப் பயின்றார்கள். நமது வானொலிக்கும் இதிலே பங்குண்டு. பின்னாளில் தமிழுலகம் போற்றிய பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்கள், மாணவராயிருந்த காலத்திலே இலங்கை வானொலி நாடகங்களில் நடித்தவர். நாடகத்தைப் பற்றி அவர் பின்னர் எழுதிய ஆராய்ச்சிகளுக்குப் பின்னால், ஒலிவாங்கிக்கு முன்னே நின்ற ஒரு மாணவனின் மாலைப் பொழுதுகளும் இருக்கின்றன.

இவையெல்லாம் பழங்கதை, இக்காலத்து மாணவனுக்குக் கைத்தொலைபேசியே கடற்கரை, அதுவே நாடகமேடை, அதுவே நண்பன் என்று ஒருசாரார் கூறுவர். கைத்தொலைபேசியைப் பழித்துப் பேசுவது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. ஒரு பிள்ளை அதிலே பாட்டுக் கேட்கிறது, கிரிக்கெட் பார்க்கிறது, தோழர் அனுப்பும் வேடிக்கைப் படங்களைப் பார்த்துத் தனியே சிரிக்கிறது. அக்காலத்து மாணவன் திரைப்படப் பாட்டுப் புத்தகத்தைத் தலையணையின் கீழ் வைத்திருந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் கருவியால் எதைத் தர இயலும், எதைத் தர இயலாது என்பதை நாம் அண்மையிலே நம் கண்ணாலேயே கண்டோம்.

2020இலும் 2021இலும் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அந்த அபாயம் தணிந்து மூச்சுவிடுவதற்குள் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் இன்றிப் போக்குவரத்து முடங்கியது. அந்நாள்களிலே விரிவுரைகள் நிற்கவில்லை. இணையவழியாக வீட்டுக்கே வந்து சேர்ந்தன. பவணந்தியாரின் கணக்கிலே ஆசிரியருக்குரிய காற்பங்கு பெரும்பாலும் கைக்கு எட்டிற்று. எட்டாமற்போனது மற்றைய முக்காற்பங்கு. முதலாம் ஆண்டு முழுவதையும் வீட்டு மூலையிலே கழித்து, உடன் பயில்வோரின் முகத்தைச் சிறு சதுரங்களாக மட்டுமே கண்ட பிள்ளைகள் உண்டு. அவர்கள் தேர்விலே சித்தியெய்தினார்கள். ஆயினும் பிற்பாடு வளாகத்துக்கு வந்தபோது, யாரோடு அமர்ந்து உண்பது, சங்கத்திலே எழுந்து எவ்வாறு பேசுவது என்று தெரியாமல் அவர்கள் திகைத்தார்கள். நாம் வீண்பொழுது என்று நினைத்தது வீண்பொழுது அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நெருக்கடி இன்னொரு வகையிலும் மாலைப் பொழுதைத் தின்றது. 2022 செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. அதன்பின் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. வாடகை அறையிலே தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மகாபொலப் புலமைப்பரிசில் பணம் மட்டும் எவ்வாறு போதும்? ஆகவே மாலையானதும் அவன் வேலைக்குப் போகிறான். வெள்ளவத்தையிலே பல மாணவர்கள் செய்யும் வேலை எது தெரியுமா? வீடு வீடாகச் சென்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுப்பது. கற்றதைப் பிறருக்கு உரைப்பதால் அவனுக்குப் புலமை வளர்கின்றது. பவணந்தியாரின் அரைப்பங்கு ஓரளவு கிடைக்கின்றது. ஆனால் அவன் பாடஞ்சொல்லும் அந்தச் சிறு பிள்ளையின் மாலைப் பொழுது என்ன ஆகின்றது?

இவ்விடத்திலே, அரசினர் பாடசாலையொன்றின் அதிபர் என்ற வகையில் நான் நாள்தோறும் காண்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிகின்றது. உயர்தர வகுப்பு மாணவன் வீட்டுக்குச் சென்று உடைமாற்றி, மூன்று மணிக்கு ஒரு தனியார் வகுப்பு, ஐந்தரைக்கு இன்னொன்று என்று ஓடுகிறான். சனியும் ஞாயிறும் விடியற்காலை முதல் வகுப்பு. இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகள் கழிகின்றன. சிறந்த பெறுபேறு பெற்று என்னிடம் நற்சான்றிதழ் வாங்க வரும் பிள்ளையிடம், "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்பது என் வழக்கம். "மருத்துவம், சேர்" அல்லது "முகாமைத்துவம், சேர்" என்பான். "அது நீ படிக்கப் போவது. உனக்கு விருப்பமானது என்ன? பாட்டா, படமா, செடி வளர்ப்பதா, கதை வாசிப்பதா?" என்று திருப்பிக் கேட்டால், நல்ல பிள்ளைகள் பலர் விழிக்கிறார்கள். தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். நேயர்களே, மூன்று பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்ற ஒரு பிள்ளை, தனக்கு எது பிடிக்கும் என்று அறிய அன்னையின் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பெருங்கவலை அளிக்கின்றது. பிறர் வகுத்த வினாவுக்கு விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய வினாவுக்கு விடை தெரியவில்லை. அத்தகைய பிள்ளையை யாரும் எளிதிலே இழுத்துச் செல்லலாம்.

இழுத்துச் செல்லப்படுவதன் கொடிய வடிவம் ஒன்றையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளையை மூத்த மாணவர் பகிடிவதை செய்யும் வழக்கத்தைத் தடுக்க, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் அவ்வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. உடன் பயில்வோரிடமிருந்து கிடைக்க வேண்டிய காற்பங்கு நஞ்சாகிப்போவது இதனாலேதான். தன் விருப்பு வெறுப்பைத் தானே அறிந்த பிள்ளை, "இது எனக்கு உவப்பில்லை" என்று சொல்லக் கற்றிருக்கும். மற்றவனைத் துன்புறுத்துவதிலே இன்பம் காணும் கூட்டத்திலே சேரவும் மறுக்கும். தன்னை அறியாத பிள்ளை இரண்டுக்கும் இரையாகும்.

இதுவரை மாணவன், மாணவன் என்று ஆண்பாலிலே பேசிவந்தேன். உண்மையில் இன்று நம் பல்கலைக்கழகங்களிலே பெண்பிள்ளைகளே பெரும்பான்மையினர். கடற்கரைக் கற்களின் மேல் இருட்டும்வரை அமர்ந்திருக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா? விரிவுரை முடிந்ததும் பஸ் ஏறி நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தாமதமானால் ஆயிரம் கேள்வி. சங்கக் கூட்டம் ஆறு மணிக்கு என்றால், ஐந்தேமுக்காலுக்கு எழுந்துபோவது மாணவியே. நாடகப் பயிற்சி இரவிலே என்றால், பெண்வேடம் தரிக்க ஆளில்லை. பெற்றோரின் அச்சம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அச்சத்துக்குப் பரிகாரம் பிள்ளையை வீட்டிலே வைத்திருப்பது மட்டுந்தானா? கூட்டத்தை நான்கு மணிக்கு வைக்கலாம்; தந்தையோ தமையனோ சென்று அழைத்து வரலாம்; நான்கு மாணவியர் சேர்ந்து வரலாம். வழி தேடினால் வழி உண்டு. முக்காற்பங்கை இழந்த படிப்பையே பெண்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்குச் சமமான கல்வி கொடுத்ததாக நாம் மகிழ்வது முறையன்று.

கொழும்பு மாணவருக்கு வேறெங்கும் எளிதிற் கிடைக்காத ஒரு வாய்ப்பும் உண்டு. அவர் பயிலும் வளாகத்திலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் ஒலிக்கின்றன. ஒரே மரநிழலிலே மூன்று வட்டங்களாக இருந்து, ஒருவர் மொழி ஒருவருக்கு விளங்காமலே நான்கு ஆண்டுகளைக் கழித்துவிடவும் முடியும். ஆனால் ஒரு கிரிக்கெட் ஆட்டமோ ஒரு பாட்டோ போதும், வட்டம் கலைவதற்கு. தமிழ்த் திரைப்பாட்டின் பொருளைக் கேட்கும் சிங்களத் தோழனுக்கு அதனை விளக்கப் புகும்போதுதான், தன் மொழியை எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பது நம் பிள்ளைக்குத் தெரியவரும். தோழனிடமிருந்து சிங்களத்தில் நான்கு சொற்களையும் அவன் கற்றுக்கொள்வான். போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் நல்லிணக்கத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. சிற்றுண்டிச்சாலை மேசையிலே நடக்கும் இந்தச் சிறு கொடுக்கல் வாங்கலுக்கு மலர்மாலையும் தலைமையுரையும் இல்லை. ஆனால் அதிலே கற்றது மறப்பதில்லை.

நன்னூலுக்கு மீண்டும் வருகிறேன். மாணாக்கரைப் பவணந்தியார் எட்டுவகைப் பொருள்களுக்கு ஒப்பிடுகிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைப்பட்டோருக்கு உவமை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைப்பட்டோருக்கு உவமை. ஆடு ஒரு செடியிலே நிறைய மேயாமல், இங்கே ஒரு வாய் அங்கே ஒரு வாயாகக் கடித்துக்கொண்டு போகும். ஒன்றையும் நிலையாகக் கற்காமல் பலவற்றையும் தொட்டுவிட்டுப் போகும் மாணவன் அத்தகையவன். முனிவரோடு முரண்படும் துணிவு எனக்கில்லை. ஆயினும் ஆட்டுக்காக ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். எந்தத் தழை தனக்கு ஏற்றது என்று ஆடு அறிவது, பலவற்றைக் கடித்துப் பார்த்தல்லவா? பதினெட்டு, இருபது வயது அவ்வாறு கடித்துப் பார்க்கும் வயது. ஒரு மாதம் புகைப்படம் எடுக்கப் பித்தாயிருப்பான், மறுமாதம் கவிதை, அதற்கடுத்த மாதம் சதுரங்கம். பகலிலே ஆடுபோல மேயட்டும். இரவிலே பசுவைப்போல அமர்ந்து, மேய்ந்ததை அசைபோடட்டும். மேயவும் விடாமல், அசைபோடவும் நேரம் கொடாமல், வைக்கோலை வாயிலே திணித்துக்கொண்டிருந்தால் பசுவும் நோயுறும்.

நேயர்களே, இறுதியாகச் சில வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, வாரத்திலே ஒரு மாலையையேனும் உங்கள் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். வகுப்பு வேண்டாம்; கட்டளை வேண்டாம். அந்த மாலையிலே அவன் என்ன செய்தான் என்று விசாரணை செய்யாமல், "இன்று எதைப் பார்த்தாய்?" என்று அன்போடு கேளுங்கள். முதல் நாலைந்து வாரம் விடை வராது. பின்னர் வரும்.

மாணவ மணிகளே, உங்கள் விருப்பம் எதுவானாலும் அதனை ஒருவருக்கு விளக்கிச் சொல்லக்கூடிய அளவுக்கு வளருங்கள். பாட்டுக் கேட்பது நன்று. அந்தப் பாட்டு ஏன் இனிக்கிறது என்று தோழனுக்குச் சொல்ல முயல்வது அதனினும் நன்று. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நூலைப் படிப்பது ஒரு செயல். அறிந்தோர் சொல்வதைச் செவிமடுப்பது வேறொரு செயல். இரண்டாவதற்கு இந்நகரிலே இடங்களுக்குக் குறைவில்லை. 1942இலே தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலே இருக்கின்றது. அதன் நூலகமும் மண்டபமும் உங்களிற் பலருடைய வாடகை அறைகளிலிருந்து நடக்கும் தூரத்திலேதான் உள்ளன. அங்கே நடைபெறும் கூட்டங்களிலே நரைத்த தலைகள் பல இருக்கலாம். அவற்றின் நடுவே சில கரிய தலைகளும் தென்பட்டால், பேசுபவருக்கும் ஊக்கம், கேட்பவருக்கும் பயன்.

சங்கங்களையும் சபைகளையும் நடத்தும் பெரியோர்களே, மாணவரை நாற்காலி அடுக்கவும் நன்றியுரை கூறவும் மட்டும் அழைக்காதீர்கள். அரைமணி நேரம் மேடையை அவர்களிடம் கொடுங்கள். தடுமாறிப் பேசினாலும் பொறுமையோடு கேளுங்கள். கற்றதை உரைக்கும்போதுதான் அரைப்பங்குப் புலமை நிறைகின்றது என்றால், உரைப்பதற்கு ஓர் அவையைத் தருவது நம் கடமையல்லவா?

வகுப்பறையிலே நாம் கொடுக்கும் காற்பங்கைக் குறைவறக் கொடுப்போம். அதற்காகவே எமக்குச் சம்பளம் தரப்படுகின்றது. மற்றைய முக்காற்பங்கைப் பிள்ளைகள் தாமே தேடிக்கொள்வார்கள். அதற்கு அவர்களுக்கு வேண்டியவை சிறிது பொழுதும், சில தோழரும், குறுக்கே நில்லாத பெரியோருமே. இவ்வளவையும் கொடுக்க நம்மால் இயலும்.